சேர்ந்த பிறகும் ஏன் ஒரு பரீட்சை? பொறியியல் கலாநிதிப் படிப்பின் தகுதிகாண் கட்டம்

பேராதனையில் பொறியியல் முடித்த பிள்ளை அமெரிக்காவுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கலாநிதிப் படிப்பு, கட்டண விலக்கு, மாதாந்தம் உதவித்தொகை என்று எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. ஒரு நாள் தொலைபேசியில், ‘அடுத்த மாதம் ஒரு பரீட்சை, அதில் சித்தியடையாவிட்டால் படிப்பைத் தொடர முடியாமல் போகலாம்’ என்கிறது பிள்ளை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கும் குடும்பத்துக்கு இது விளங்குவதில்லை. அனுமதி கிடைத்துவிட்டது, புலமைப்பரிசிலும் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன தகுதி பார்க்க இருக்கிறது?

குழப்பம் குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல. பரீட்சை எழுதப் போகிறவர்களில் பலரும் அதை உயர்தரப் பரீட்சையின் பெரிய அண்ணனாக நினைத்தே தயாராகிறார்கள். அந்த நினைப்பு எங்கே பிழைக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

ஒரே கட்டம், பல பெயர்கள்

கலாநிதிப் படிப்பில் சேர்வதும் கலாநிதிப் பட்டத்துக்கான ‘வேட்பாளர்’ ஆவதும் அமெரிக்க முறையில் இரண்டு வேறு நிலைகள். முதல் ஓரிரு வருடம் பாடங்களைப் படிக்க வேண்டும், ஆய்வகத்தில் வேலை பழக வேண்டும். அதன் பிறகு, சொந்தமாக ஆய்வு செய்ய இவரிடம் அடித்தளம் இருக்கிறதா என்று துறை ஒரு தடவை நின்று பார்க்கிறது. அந்த நிறுத்தம்தான் தகுதிகாண் பரீட்சை. மாணவர்கள் பேச்சில் ‘குவால்ஸ்’. சில துறைகள் இதை ‘கொம்ப்ரிஹென்சிவ்’ என்கின்றன, சில ‘பிரிலிமினரி’ என்கின்றன. சிக்கல் என்னவென்றால், வேறு சில துறைகளில் ‘பிரிலிமினரி’ என்பது ஒரு வருடம் கழித்து நடக்கும் ஆய்வு முன்மொழிவுப் பரீட்சை. ஆகவே நண்பர் ஒருவர் ‘பிரிலிம் முடிந்தது’ என்று சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்று கேட்காமல் ஆலோசனை வாங்கக் கூடாது.

மற்ற இடங்களில் நிலைமை இப்படி:

1. கனடாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியாவின் ஐ.ஐ.டி.களிலும் இதற்கு நிகரான பரீட்சை உண்டு.

2. ஐக்கிய இராச்சியத்திலும் அவுஸ்திரேலியாவிலும் பாடப் பரீட்சை பொதுவாக இல்லை. முதல் வருட முடிவை ஒட்டி அறிக்கை ஒன்றைக் கொடுத்து, ஒரு குழுவின் முன் அதைப் பேசிக் காப்பாற்ற வேண்டும். ‘அப்கிரேட்’, ‘கொன்ஃபர்மேஷன்’ என்பவை இவையே.

3. இலங்கையில் முதுதத்துவமாணிக்கு (எம்.பில்.) பதிவு செய்து, வேலையின் தரத்தைக் காட்டிய பின் கலாநிதிக்கு மாறும் வழி பழக்கமானது. நமது தகைமைச் சட்டகத்தில் 11ஆம் மட்டத்திலிருந்து 12ஆம் மட்டத்துக்கு ஏறுவது அது.

பெயரும் வடிவமும் எப்படி மாறினாலும் நோக்கம் ஒன்று. மூன்று நான்கு வருடத்தையும் பெருந்தொகைப் பணத்தையும் ஒருவர் மீது செலவிடும் முன், அவரால் முடியுமா என்பதை இரு தரப்பும் அறிந்துகொள்வது. கொடூரமாகத் தோன்றலாம். ஆறாவது வருடத்தில் அறிவதைவிட இரண்டாவது வருடத்தில் அறிவது மாணவருக்கும் நல்லது என்பதே துறைகள் சொல்லும் நியாயம், அதில் உண்மை இருக்கிறது.

வடிவங்கள்

எழுத்துப் பரீட்சையாக இருந்தால் இரண்டு முதல் நான்கு பாடங்கள், ஒவ்வொன்றும் சில மணித்தியாலங்கள். வாய்மொழியாக இருந்தால் ஒரு வெண்பலகை, ஒரு பேனா, எதிரே இரண்டு மூன்று பேராசிரியர்கள். ஸ்டான்ஃபோர்ட் மின்பொறியியல் துறையில் ஒரு காலத்தில் மாணவர் ஒவ்வொரு பேராசிரியரின் அறையாக ஏறி இறங்கி, பத்துப் பேரிடம் தலா பத்துப் பன்னிரண்டு நிமிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது பல துறைகள் மூன்றாவது வடிவத்துக்கு நகர்கின்றன. ஓர் ஆய்வுக்கட்டுரையைக் கையில் கொடுத்து, அதன் பலத்தையும் ஓட்டைகளையும் விளக்கச் சொல்வது, அல்லது முதல் வருட ஆய்வை முன்வைக்கச் சொல்வது.

வாய்மொழி வடிவத்துக்கே நம்மவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. எனவே இக்கட்டுரையும் அதிலேயே அதிகம் நிற்கும்.

உயர்தரப் பழக்கம் குழி பறிக்கும் இடம்

நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து இணைந்த கணிதப் பிரிவில் பொறியியல் பீடத்துக்குள் போவது சின்ன விடயம் அல்ல. அந்தப் பயணத்தில் ஒரு பழக்கம் உடம்போடு ஒட்டிவிடுகிறது. கடந்தகால வினாத்தாள்களைப் பத்து வருடத்துக்குச் செய்வது, வினா வகைகளைப் பிரிப்பது, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வழி மனப்பாடமாக வைத்திருப்பது, நேரத்துக்குள் முடிப்பது. இசட் புள்ளி என்பது மற்றவர்களோடு ஒப்பிட்ட இடம். அங்கே பக்கத்து மேசைக்காரர் போட்டியாளர்.

தகுதிகாண் பரீட்சையில் பொதுவாக இந்த ஒப்பீடு இல்லை. ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டும் எல்லோரும் சித்தி. பக்கத்து மேசைக்காரர் அங்கே கூட்டாளி, அவரோடு சேர்ந்து படித்தால் இருவருக்கும் லாபம். இந்தச் சின்ன வித்தியாசத்தை உணராமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே படித்து, வாய் திறந்து ஒரு தடவையும் பேசிப் பார்க்காமல் பரீட்சைக்குப் போகிறவர்கள் உண்டு.

இரண்டாவது வித்தியாசம் பெரிது. உயர்தர வினா எழுதப்பட்டபடியே நிற்கும். வாய்மொழி வினா நகரும். நீங்கள் சரியாகச் சொன்னால் அது இன்னும் ஓர் அடி தள்ளிப் போகும், மறுபடி சரியாகச் சொன்னால் இன்னும் ஓர் அடி. உங்களுக்குத் தெரியாத இடம் வரும் வரை கேட்பதுதான் பரீட்சகரின் வேலை. அதனால் ‘கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை’ என்று வெளியே வந்து அழுதவர் சித்தியடைந்திருப்பது அடிக்கடி நடப்பது. தெரியாத இடத்துக்கு வந்தபின் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் குழு பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு கேள்வி எப்படி நகர்கிறது

இதை வெறும் சொல்லாக விடாமல் ஒரு கேள்வியை முழுக்கப் பார்ப்போம். குடிசார் பொறியியல், மண் பொறியியல் பாடம். கேள்வி: ‘மழை பெய்தால் மலைச்சரிவு ஏன் சரிகிறது?’

மலையகத்தவருக்கு இது பாடநூல் கேள்வி மாத்திரம் அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்தவர் இல்லை. ஆனால் பரீட்சை அறையில் நினைவு போதாது, படம் வரைய வேண்டும்.

1. படம். 25 பாகை சாய்ந்த சரிவு. அதற்குச் சமாந்தரமாக ஒரு மண் படை, அடியில் பாறை. மண் மணல்போன்றது, ஒட்டுத்தன்மை இல்லை, உராய்வுக் கோணம் 35 பாகை. முதலில் காய்ந்த நிலை. ஒரு துண்டு மண்ணை எடுத்து அதன் நிறையைச் சரிவின் வழியே ஒரு கூறாகவும் சரிவுக்குச் செங்குத்தாக ஒரு கூறாகவும் பிரிக்கிறீர்கள். வழுக்க முயலும் விசை ஒரு பக்கம், தடுக்கும் உராய்வு மறுபக்கம். தடுப்பதை வழுக்குவதால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி. அது 35 பாகையின் தாஞ்சனை 25 பாகையின் தாஞ்சனால் வகுத்ததற்குச் சமன்: 0.70ஐ 0.47ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.5. சரிவு நிற்கும்.

2. பரீட்சகர்: ‘மண் படையின் ஆழம் எங்கே போனது?’ வகுத்தலில் வெட்டுப்பட்டுப் போனது. நிறையும் அப்படியே. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் தடுமாறுவார், ஏனெனில் சூத்திரத்தில் இல்லாதது ஏன் இல்லை என்று அவர் யோசித்ததே இல்லை.

3. ‘சரி, இப்போது மழை பெய்கிறது.’ பெரும்பாலோர் உடனே சொல்லும் பதில்: மண் நனைந்து பாரமாகிறது, அதனால் வழுக்குகிறது. பரீட்சகர் புன்னகையோடு, ‘நிறை வெட்டுப்பட்டுப் போனது என்று இப்போதுதானே சொன்னீர்கள்?’ என்பார். பாரம் கூடினால் வழுக்கும் விசையும் கூடும், அழுத்திப் பிடிக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடும். இந்த மண்ணில் பாரம் மட்டும் சரிவைக் கொண்டுபோகாது.

4. உண்மைக் காரணம் மண் துணிக்கைகளுக்கு இடையில் இருக்கும் நீரின் அமுக்கம். உராய்வு பிறப்பது துணிக்கையும் துணிக்கையும் தொடும் இடத்தில். இடைவெளியில் நீர் நிறைந்து அமுக்கம் கொண்டால், மேலிருந்து வரும் சுமையில் ஒரு பங்கை நீர் தாங்கிக்கொள்கிறது. துணிக்கைகள் ஒன்றையொன்று முன்பைவிடக் குறைவாக அழுத்துகின்றன. அந்த மீதி அழுத்தத்துக்குப் பயனுறு தகைப்பு என்று பெயர், உராய்வு அதையே நம்பியிருக்கிறது. வழுக்கும் விசையோ குறையவில்லை. மேற்பரப்பு வரை நீர் நிறைந்து சரிவுக்குச் சமாந்தரமாகக் கசிந்தோடினால், பாதுகாப்புக் காரணி ஏறக்குறைய பாதியாகும். 1.5 இருந்த இடத்தில் 0.75. ஒன்றுக்குக் கீழே போனால் சரிவு நிற்காது.

5. ‘அப்படியானால் ஒவ்வொரு மழைக்கும் மலை சரிய வேண்டுமே?’ நல்ல பரீட்சகர் இங்கே வருவார். சாதாரண நாளில் மண்ணுக்குள் நீரும் காற்றும் கலந்திருக்கின்றன. அந்த நிலையில் நீர் துணிக்கைகளை ஒன்றாக இழுத்துப் பிடிக்கிறது, ஈர மணலில் பிள்ளைகள் வீடு கட்டுவது அதனால்தான். வேர்களும் கொஞ்சம் பிடிக்கின்றன, மண்ணில் களித்தன்மை இருந்தால் அதுவும். நீர் ஆழத்துக்கு இறங்கவும் நேரம் எடுக்கும். ஆகவே ஒரு மணித்தியால மழையைவிட முந்திய நாட்களின் மழை முக்கியமாகலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையிலிருந்து படிப்படியாக உயர்வதன் பின்னால் இருப்பதும் இந்த நீர்க் கணக்கே.

6. ‘நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?’ பெரிய மதில் கட்டுவேன் என்பது முதல் வாய்க்கு வரும் பதில். நீர் வெளியேற வழியில்லாத மதில் பின்னால் நீரைத் தேக்கி நிலைமையை மோசமாக்கும். முதல் வேலை நீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் திருப்புவது, இறங்கியதை வெளியே எடுப்பது. தோட்டங்களில் பழைய தலைமுறை ஒழுங்காகக் கான் (நீர் வடியும் கால்வாய்) வெட்டித் துப்புரவாக்கி வைத்ததற்குப் பொறியியல் காரணம் நான்காவது புள்ளியில் இருக்கிறது.

பார்த்தீர்களா, ஆறு படிகளிலும் முதுமாணி மட்டத்துக் கணிதம் ஒன்றும் இல்லை. விசைகளைக் கூறாக்குவது உயர்தரப் பாடம், பயனுறு தகைப்பு இளமாணிப் பாடம். ஆனாலும் சித்தி பெற்ற மூளைகளே மூன்றாம் படியில் விழுகின்றன. தகுதிகாண் பரீட்சை அளப்பது இந்த அடித்தளத்தை. ‘இன்னும் ஆழமாக என்ன படிக்கலாம்’ என்று தேடுவதைவிட, இரண்டாம் வருடக் குறிப்புகளை எடுத்து ஒவ்வொரு சூத்திரத்தையும் ‘எந்த நிபந்தனையில், ஏன்’ என்று கேட்பது பெறுமதியானது.

நமது மண்ணிலிருந்து போனவர்களில் இதற்கு உதாரணம் உண்டு. பேராசிரியர் அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் இணைந்து 1963இல் வெளியிட்ட களிமண் பற்றிய கட்டுரை, ‘கேம் களி’ என்று உலகம் படிக்கும் மண் மாதிரியின் அடித்தளங்களில் ஒன்று. மண் உருமாறும்போது சுமை செய்யும் வேலையில் எவ்வளவு உராய்வில் செலவாகிறது என்ற சக்திக் கணக்கு அதன் நடுவில் இருக்கிறது. கேட்க எளிய கேள்விதான். அவர் பின்னாளில் பேராதனைப் பொறியியல் பீடாதிபதியாகவும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார்.

வீட்டைச் சுற்றி இருக்கும் கேள்விகள்

பயிற்சிக் கேள்விகளுக்கு நூலகத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. மலையகத்தைப் போல் பொறியியல் நிறைந்த இடம் குறைவு.

இரசாயனப் பொறியியல் மாணவர் ஒரு தேயிலை ஸ்டோரை எடுக்கலாம். 100 கிலோ பச்சைக் கொழுந்து, அதில் 78 வீதம் நீர் என்று வைப்போம். நீர் தவிர்ந்த பொருள் 22 கிலோ, அது கடைசி வரை மாறாது. வாட்டி முடிக்கும்போது ஈரம் 55 வீதம் என்றால் மொத்த எடை 49 கிலோ, அதாவது 51 கிலோ நீர் வாட்டும் மாடியிலேயே போய்விட்டது. உலர்த்தி 3 வீதத்துக்குக் கொண்டுவந்தால் தூள் 22.7 கிலோ. உலர்த்தியில் போன நீர் 26 கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,400 கிலோயூல் என்றால் 63 மெகாயூல் வேண்டும். இதற்கு எத்தனை கிலோ விறகு? காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாயூல் தரும் என்றால் நான்கு கிலோவுக்கு மேல், அதுவும் ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால். இங்கே நின்று கேளுங்கள்: பாதிக்கு மேற்பட்ட நீரை விறகு எரிக்காமல் வெறும் காற்றால் போக்க முடிகிறதே, அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? பனி மூடிய இரவில் ஏன் அந்தக் காற்றைக் கொஞ்சம் சூடாக்க வேண்டியிருக்கிறது? வெப்பம், திணிவு இரண்டின் இடமாற்றமும் இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கும்.

வெப்ப இயக்கவியலுக்கு இன்னும் சின்னது: 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும்? வளிமண்டல அமுக்கம் அங்கே 81 கிலோபஸ்கால் அளவு. விடை 94 பாகை செல்சியஸை ஒட்டி வரும். விடை பெரிதல்ல, அமுக்கம் குறைந்தால் கொதிநிலை ஏன் குறைகிறது என்று எந்திரப்பியை (என்ட்ரோபி) தொட்டுச் சொல்ல முடிகிறதா என்பதே விடயம்.

பாய்பொருள் படிப்பவர் நீர்மின் நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் குழாயைப் பார்த்துக் கேட்கலாம்: செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் ஓடும் நீரை வால்வு சடாரென நிறுத்தினால்? அமுக்க அலையின் வேகத்தைச் செக்கனுக்கு 1,000 மீற்றர் என்று எடுத்தால் மேலதிக அமுக்கம் 3 மெகாபஸ்கால், 300 மீற்றர் நீர் நிரலுக்குச் சமன். நீரலையை வாங்கிக்கொள்ள ஏன் ஒரு தாங்கி கட்டப்படுகிறது என்பது பிறகு தானாக விளங்கும். எந்திரவியல்காரருக்கு 44க்கு 1 ஏற்றத்தில், அதாவது 44 மீற்றர் ஓடினால் ஒரு மீற்றர் உயரும் சாய்வில், நானுஓயா நோக்கி ஏறும் ரயில் இருக்கிறது.

மொழி

இதைப் பலர் பேசத் தயங்குகிறார்கள். மலையகத் தமிழ் மாணவர் பெரும்பாலும் உயர்தரத்தைத் தமிழில் எழுதி, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறுகிறார். நான்கு வருடமும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், ஆனால் ஒரு கருத்தை இருபது நிமிடம் ஆங்கிலத்தில் வாய்விட்டு வாதாடியிருக்கமாட்டார். மேற்காவுகை, அதாவது பாயும் நீரோ காற்றோ வெப்பத்தைச் சுமந்துபோவது, என்றால் உள்ளே ஒரு படம் ஓடும். ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் அந்தப் படம் ஒரு கணம் தாமதித்து வரும். அந்தக் கணம்தான் அறையில் பயமாக மாறுகிறது.

தமிழில் யோசிப்பதை விடவேண்டிய அவசியம் இல்லை. தகைப்பு, விகாரம், சடத்துவம், மேற்காவுகை என்று பள்ளியில் பிடித்த கருத்து உறுதியானது, அதை மேடையாக வைத்துக்கொள்ளலாம். பழக வேண்டியது வாய். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, பதினைந்து நிமிடம், நின்றபடி எழுதி எழுதி ஆங்கிலத்தில் பேசி, கைத்தொலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரலையே சகிக்க முடியாது. மூன்றாம் வாரம் எங்கே வாக்கியம் உடைகிறது என்று தெரியும், அது பெரும்பாலும் மொழி உடையும் இடம் அல்ல, கருத்து தெளிவில்லாத இடம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று மரியாதை. ‘சேர்’ சொன்னதை மறுத்துப் பேசுவது நம் வகுப்பறைகளில் பழக்கம் இல்லை. வாய்மொழிப் பரீட்சையில் பேராசிரியர் வேண்டுமென்றே பிழையான ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாம். தலையாட்டினால் புள்ளி போகும். ‘எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணத்தைக் காட்டட்டுமா’ என்று பலகைக்குத் திரும்புவது அங்கே அவமரியாதையாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அதேபோல் ‘ஒரு நிமிடம் யோசிக்கிறேன்’ என்று கேட்டு அமைதியாக நிற்பதும் பிழை அல்ல.

காலக்கணக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதவித்தொகை அனுமதிக்குப் பதில் சொல்லும் பொதுவான கடைசி நாள் ஏப்ரல் 15, நமக்குச் சித்திரைப் புத்தாண்டின் மறுநாள். வகுப்பு தொடங்குவது ஓகஸ்ட் மாதத்தில். விசா, பயணச்சீட்டு, குளிர் உடுப்பு என்று ஓடும் அந்த நான்கு மாதத்தில் ஒரு பகுதியைத் தகுதிகாண் பரீட்சைக்கு ஒதுக்குவோர் மிகக் குறைவு. அங்கே போனபின் பாடவேலை, ஆய்வகம், மாணவருக்குக் கற்பித்தல் என்று நேரம் கரைந்துவிடும்.

1. புறப்படும் முன்: துறையின் மாணவர் கைநூலைப் பதிவிறக்கி, பரீட்சை எப்போது, எத்தனை பாடம், எத்தனை வாய்ப்பு, பாடப் புள்ளிகளுக்குக் குறைந்தபட்ச எல்லை உண்டா என்று பாருங்கள். இளமாணிக் குறிப்புகளை விற்கவோ பரணில் போடவோ வேண்டாம், படமெடுத்துக் கொண்டுபோங்கள்.

2. முதல் தவணை: மேற்பார்வையாளருடன் பேசிப் பாடங்களைத் தெரிவு செய்யுங்கள். ஆய்வுக்குத் தேவைப்படும் பாடம் ஒன்று, ஏற்கெனவே பலமான பாடம் ஒன்று என்ற கலவை பொதுவாக நல்லது. எளிது என்று பிறர் சொன்னதற்காக எடுப்பது பெரும்பாலும் வருத்தத்தில் முடியும். முந்திய வருடம் எழுதிய மூத்த மாணவர் இருவரிடமாவது கேளுங்கள். பழைய கேள்விகளைத் துறை அனுமதித்துச் சேர்த்து வைத்திருந்தால் வாங்குங்கள். அனுமதி இல்லாத இடத்தில் ஒளித்துப் பரிமாறப்படுவதைத் தொடாதீர்கள். ஒழுக்கக் குற்றச்சாட்டு, தோல்வியைவிடப் பாரமானது.

3. பரீட்சைக்கு ஆறு மாதம் முன்: கணிதம். ஏகபரிமாண இயற்கணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள், காவி நுண்கணிதம், நிகழ்தகவு. எல்லாப் பாடத்துக்கும் அடியில் இருப்பவை இவை, எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவதும் இவை.

4. மூன்று மாதம் முன்: நான்கு பேருக்கு மேற்படாத குழு. வாரத்துக்கு இரு தடவை ஒருவர் பலகையில், மற்றவர்கள் பரீட்சகர். கேள்வி கேட்பவராக இருப்பதில் படிப்பு கூடுதல், ஏனெனில் ஒரு விடயத்தின் பலவீனமான மூட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

5. கடைசி மாதம்: புதிதாக எதையும் திறக்க வேண்டாம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாள். அதில் சூத்திரங்களைவிட எடுகோள்களை எழுதுங்கள்.

முதுமாணி முடித்துப் போகிறவருக்கு இந்தக் கணக்கு சுருங்கும். சில துறைகள் அவரை முதல் வருடத்திலேயே எழுதச் சொல்லும்.

அறைக்குள்

தெரியாத கேள்வி வரும் என்று முன்பே பார்த்தோம். வந்தால் செய்யக்கூடியவை சில உண்டு, பதில் தெரியாமலே செய்யக்கூடியவை. படம் வரையலாம். எது காக்கப்படுகிறது என்று கேட்கலாம்: திணிவா, உந்தமா, சக்தியா? பரிமாணங்களைச் சரிபார்க்கலாம். ஒரு கணியத்தைப் பூச்சியமாக்கி, அல்லது மிகப் பெரிதாக்கி, விடை பொருளுடையதா என்று பார்க்கலாம். மேலே சரிவுக் கணக்கில் கோணம் பூச்சியமானால் பாதுகாப்புக் காரணி முடிவிலிக்குப் போகிறது. தட்டை நிலம் சரியாது என்று சூத்திரமே சொல்கிறது. இப்படி ஒரு வரி பலகையில் விழுந்தால் பரீட்சகரின் முகம் மாறும்.

குறிப்பு தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பரீட்சகர் குறிப்புக் கொடுப்பது இரக்கம் மட்டும் அல்ல, கொடுத்ததைப் பிடித்து நீங்கள் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதும் அளவில் சேரும்.

சித்தியடையாவிட்டால்

முதல் தடவையில் தவறுவது அபூர்வம் அல்ல, பெரும்பாலான துறைகள் இரண்டாவது வாய்ப்பு தருகின்றன. இடைநிலை முடிவுகளும் உண்டு: ஒரு பாடத்தில் மட்டும் மறுபடி எழுதச் சொல்வது, அல்லது குறிப்பிட்ட ஒரு பாடநெறியை நல்ல தரத்தில் முடிக்கச் சொல்வது. இரண்டாவது தடவையும் தவறினால் வழமையான வழி, சேர்த்த பாடங்களைக் கொண்டு முதுமாணிப் பட்டத்தோடு வெளியேறுவது. ஊரில் இதைத் ‘திரும்பி வந்துவிட்டான்’ என்று பேசுவார்கள். அமெரிக்க முதுமாணிப் பட்டத்தோடு வருகிறவரை வெறுங்கையோடு வந்தவராகப் பார்ப்பது அநியாயம். அந்தப் பட்டத்தோடு வேறு பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் படிப்பைத் தொடங்கி முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

கவனம் வேண்டியது விசாவில். மாணவர் விசாவில் இருப்பவர் பட்டம் பெற்று முடிப்பதும், பட்டமின்றிப் படிப்பிலிருந்து நீக்கப்படுவதும் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. முடித்தவருக்கு 60 நாள் அவகாசமும், துறைசார் வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. நீக்கப்பட்டவருக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே இரண்டாவது முடிவு பாதகமாக வந்தால், வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும், அதுவும் துறை தன் முடிவைப் பதிவேட்டில் ஏற்றும் முன். முதுமாணிப் பட்டத்துக்கான விண்ணப்பத்தை அந்தத் தவணைக்குள் கொடுக்க முடியுமா என்பதே அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி.